காப்பிக்கு ஒரு வழி, புகைக்கு ஒரு வழி

என் மனைவி என்னைப் பார்த்து, "ஐயா வீட்டுல இல்லைங்க. சாயங்காலமா வாங்க" என்றாள்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பிறகு விழித்தேன்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் சமயநல்லூரில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பது மதுரைப் பக்கத்து நேயர்களுக்குத் தெரியும். மதுரைக்கு ஒரு ஜோலியாகப் போய்விட்டு மத்தியான ரயிலில் திரும்பியவன், பசி வேகத்தில் நேராக அடுப்படி வாசலில் போய் நின்றேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராக்கம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்புறம் சொன்ன வார்த்தைதான் மேலே எழுதியிருப்பது.

எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு முழம் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிய புருஷன்...

"அடியே, நான்தான்."

"அய்யோ, நீங்களா! தோட்டத்து வேலையாளுன்னு நெனச்சேன், பொகையில ஆள் தெரியல" என்று எழுந்து இலை போட்டாள். நானும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? சாயங்காலம் முற்றத்தில் நல்ல வெளிச்சத்தில், அந்த வாரத்துப் பத்திரிகையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு முதல் வாசகி என் மனைவிதான். கல்யாணத்துக்கு அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். "இந்த எடத்துல ரொம்பத்தான் பீத்தியிருக்கீக" என்று விரலை வைத்துக் காட்டுவாள். அவள் விரல் வைத்த இடம் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்டவள் மூன்று வாரமாகப் பத்திரிகையைத் தொடவில்லை. என் எழுத்து சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மடித்துக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதுங்க. ரெண்டு மாசமா இப்படித்தான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா பதறுவீக."

மறுநாளே மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இமையைப் புரட்டிப் பார்த்தார். வெளிச்சம் காட்டிப் பார்த்தார். சமைப்பது எந்த அடுப்பில், என்ன விறகு, புகை எந்த வழியாகப் போகிறது என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் ராக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"கண்ணுக்கு மருந்து நான் எழுதித் தரேன். அடுப்படிக்கு நான் என்ன எழுதித் தர முடியும்? இதே புகையில இன்னும் ரெண்டு மழைக்காலம் உக்காந்தாங்கன்னா, அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது ராக்கம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். வைகைப் பக்கத்துத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசியில் ஒன்று கேட்டாள்: "இனிமே உங்க எழுத்துல யாரு தப்புச் சொல்லுவா?"

அவள் கண்ணைப் பற்றி அவள் கவலைப்பட்டது அம்புட்டுத்தான்.

சரி, அடுப்படியை மாற்றிக் கட்டுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்தால் கொத்தனாரைத்தானே கூப்பிட வேண்டும்? நான் கூப்பிடவில்லை. நாலு புத்தகம் படித்தவன் அல்லவா... எதையும் முறையாகச் செய்ய வேண்டுமே! மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு மாடியில் காசிம் சாயபு என்பவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏதோ ஓர் ஆபீசில் கட்டடங்களுக்குப் பிளான் எழுதிக்கொண்டிருந்தவர். மேலே இருந்த துரைக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வெளியே வந்து, தனியாக ஒரு மேஜை, ஒரு பலகை, நாலு பென்சில் என்று வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறார்.

"நான் கட்டித் தர மாட்டேன், அண்ணே. யோசிப்பேன். யோசிச்சதப் பேப்பர்ல எழுதித் தருவேன். அம்புட்டுத்தான்" என்றார், எடுத்த எடுப்பிலேயே.

எங்கள் ஊர்க் கருப்பன் கொத்தனாருக்கு இதைக் கேட்டதும் வந்ததே கோபம்! "சும்மா படம் போடுறதுக்கு ஒரு ஆளா? சுண்ணாம்புக் கட்டி குடுங்க, தரையில நானே போட்டுக் காட்டுறேன்" என்றார். பேப்பரில் எழுதிக் கொடுத்துக் காசு வாங்குவது என் பிழைப்பும்தான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

காசிம் சாயபு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு நீளத் தகரக் குழல் கட்டியிருந்தது. அதற்குள் பேப்பர். முன்கட்டில் பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளி ஆண்பிள்ளை முன்கட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வீட்டுப் பெண்கள் அவர்களோடு நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அவுககிட்டச் சொல்லுங்க" என்று புருஷனிடம்தான் சொல்வார்கள். சாயபுவுக்கும் அது புதிதல்ல. "எங்க வீட்லயும் இதே கதவுதான்" என்று சிரித்தபடி நோட்டைத் திறந்தார்.

ஆக, ஓர் அடுப்படியைத் திருத்தப் போகிறவர் அந்த அடுப்படியைப் பார்க்கப் போவதில்லை. அதில் சமைக்கிறவளோடு பேசப் போவதும் இல்லை. நடுவில் நான் இருக்கிறேனே... அப்புறம் என்ன குறை?

"அடுப்பு எத்தனை, அண்ணே?"

"ரெண்டு."

கதவுக்குப் பின்னால் ஓர் இருமல்.

"ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் எரியும்?"

"காலையில ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி."

உள்ளே ஏதோ கரண்டி விழுந்த சத்தம். சாயபு கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

"விறகு?"

"நல்ல கருவேல விறகு."

"ஜன்னல்?"

"இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நெல்லடிக்கிற களம். ஆள் நடமாட்டம் இருக்கும். ஜன்னல் சரிப்படாது."

அப்புறம் என் விருப்பங்களைச் சொன்னேன். மதுரையில் ஒரு துரை பங்களாவின் சமையல்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டே சமைக்கிற மாதிரி உயரமான மேடை! அதுபோல ஒன்று வேண்டும். எத்தனை உயரம் என்று சாயபு கேட்டார். எழுந்து நின்று, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன். கூரைக்கு மேலே ஒரு புகைக்கூண்டு. சாமான் வைக்க அலமாரி. இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. நான் எழுதுகிற அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதில் ஒரு சின்னத் திறப்பு வைத்துவிட்டால் காப்பி டம்ளரை அப்படியே இந்தப் பக்கம் வைத்துவிடலாம். பாவம், சுற்றிக்கொண்டு வர வேண்டாமே அவள்!

சாயபு கொண்டுவந்த டேப்பை நானே உள்ளே எடுத்துப் போய், நீள அகலம் அளந்து வந்து சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பிளான் வந்தது. தடித்த பேப்பரில் நீல மசியில் நூல் பிடித்தது போன்ற கோடுகள். நான் அதைத் திருப்பித் திருப்பி ரசித்துவிட்டு, கதவிடுக்கு வழியாக உள்ளே கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"ஏங்க..."

"என்ன?"

"இதுல நான் எங்க இருக்கேன்?"

பிளான் என்றால் ஆளை வரைய மாட்டார்கள், சுவரும் மேடையும்தான் வரைவார்கள் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"அது எனக்கும் தெரியும். இந்த மேட எம்புட்டு ஒசரம்?"

சொன்னேன்.

"அப்ப நான் முக்காலி போட்டு ஏறி நின்னுதான் ஒல கொதிக்குதான்னு பாக்கணும். நீங்க சமைக்கப் போறீகளா?"

வெளியே சாயபு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"சொவத்துல இந்தச் சின்னச் சதுரம் என்னது?" என்றாள்.

"அது... காப்பிக்கு."

"அம்புட்டுச் சொவத்துலயும் தொறப்பு இது ஒண்ணுதானா?"

கூரை மேலே புகைக்கூண்டு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டாக்டர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர் சொன்னது கண்ணுக்கு. நான் பிளான் போடச் சொன்னது காப்பிக்கு.

காசிம் சாயபுவை இங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "தப்பு எம்மேல, அண்ணே. சமைக்கிறவுகளக் கேக்காம சாப்புடுறவரக் கேட்டு எழுதிட்டேன்" என்று சொல்லி அந்தப் பேப்பரைச் சுருட்டிக் குழலுக்குள் போட்டார். புதுப் பேப்பரை எடுத்தார். "இனிமே ஒண்ணு செய்யிங்க. நான் கேக்குறத அப்படியே உள்ள கேளுங்க. அவுக சொல்லுறத அப்படியே வெளிய சொல்லுங்க. நடுவுல நீங்க உப்புப் போடாதீக."

ஆக, இந்த எழுத்தாளன் தபால்காரன் ஆனான்.

"அடுப்பு எத்தனைன்னு கேளுங்க."

"அடுப்பு எத்தனைன்னு கேக்குறாரு."

"காது கேக்குது. மூணுன்னு சொல்லுங்க. அதுல ஒண்ணு, மத்த அடுப்பு அனல்லயே எரியிற கொடி அடுப்பு."

"எம்புட்டு நேரம் எரியுதுன்னு கேளுங்க."

"கோழி கூப்பிடயில பத்த வச்சா, அவுக குளிக்கத் தண்ணி, காப்பி, கஞ்சி, வேலையாளுகளுக்குக் கூழு... மத்தியானம் வரைக்கும் அணையாதுன்னு சொல்லுங்க. சாயங்காலம் மறுபடியும். நல்ல விறகு சித்திரை வரைக்கும் கெடைக்கும். அதுக்கப்பறம் பருத்திமாரும் எருவாட்டியும்தான். அதுதான் பொகையுற பொகை."

இதெல்லாம் என் வீட்டில்தான் நடக்கிறது. எனக்கு இது புதுச் செய்தி. காய்ந்த பருத்திச் செடியும் சாணி வறட்டியும் என் வீட்டு அடுப்பில் எரிகிற விஷயத்தை ஒரு வெளி ஆளுக்கு நான் எடுத்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரிகிறது!

பத்து நிமிஷத்தில் "சொல்லுங்க", "கேளுங்க" என்பதெல்லாம் பேச்சிலிருந்து உதிர்ந்துபோய்விட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான், பட்டுவாடா ஆகாத தபாலாக உட்கார்ந்திருந்தேன்.

சாயபு பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். "இத உள்ள குடுங்க. ஒரு நுனி தரையில இருக்கட்டும். உக்காந்தா கண்ணு எந்த ஒசரத்துல இருக்கோ, அங்க ஒரு முடிச்சு. உக்காந்தபடி கை எட்டுற ஒசரத்துல ஒண்ணு. நின்னா எட்டுற எடத்துல ஒண்ணு."

கயிறு திரும்பி வந்தது. அதில் நாலு முடிச்சு.

"நாலாவது எதுக்கு?"

"அவுக சொன்ன மேட. எங்கழுத்துக்கிட்ட வருது. அவுகளும் பாத்து வச்சுக்கிறட்டும்னுதான்."

சாயபு சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் முதல் முடிச்சைப் பிடித்துக் காட்டினார். "அண்ணே, நம்ம பிளான் இந்த ஒரு முடிச்சுலதான் இருக்கு. இது தங்கச்சி கண்ணு. பொகை என்ன பண்ணினாலும் இதுக்கு மேலதான் போகணும். அதுக்கு அது எப்படிச் சுத்துதுன்னு தெரியணும். நான் உள்ள வரக்கூடாது. தங்கச்சிக்குப் பழகிப்போச்சு, சொல்லத் தெரியாது. நாளைக்குக் காலையில நீங்க போய் அடுப்பு முன்னாடி உக்காருங்க. நான் வெளிய நிக்குறேன்."

இதற்கு நான் சம்மதித்தேன். ஒரு வேளைச் சமையல்தானே!

நேயர்களே, அந்தக் காலையை நான் எப்படிச் சொல்லுவேன்? அடுப்பில் உலை. பருத்திமாரை ஒடித்துச் செருகி ஊதாங்குழலால் ஊதினேன். முதல் ஊதலிலேயே சாம்பல் முகத்துக்கு வந்தது. காற்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து, மேற்கே பார்த்த வாசல் வழியாக உள்ளே வந்து புகையைச் சுருட்டியது. ராக்கம்மாள் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"பொகை எங்கிட்டுப் போகுது, அண்ணே?" வெளியிலிருந்து சாயபு.

"தெரியல!"

"கண்ணத் தொறந்து பாருங்க!"

"தொறக்க முடியல!"

கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "போதும், எந்திரிங்க" என்று குழலைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. வீம்பு என்று நினைத்திருப்பாள். வீம்பு இல்லை, வெட்கம். இருமல் வந்தது, கண்ணில் நீர் கொட்டியது, உலை கொதிக்கிற பாடாக இல்லை. இந்த அடுப்புக்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேலாக ஒருத்தி தினமும் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த அறையில் உட்கார்ந்து நான் 'காப்பி' என்று குரல் கொடுத்திருக்கிறேன். வந்த கண்ணீரில் புகைக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

"எதிர்ச் சொவத்தப் பாருங்க" என்றாள் அவள், குரலைத் தணித்து. "எப்பவும் நேரா அங்கதான் போய் முட்டும். முட்டி மூஞ்சிக்குத் திரும்பும்."

பார்த்தேன். அடுப்புக்கு நேர் எதிரே கிழக்குச் சுவர். அதில் ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக, மினுமினுப்பாகக் கரி படிந்திருந்தது. அதைச் சாயபுவுக்குச் சத்தம் போட்டுச் சொன்னேன். சரி என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு களத்துப் பக்கம் போனார். சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓர் இடத்தில் தொப்பென்று, இன்னோர் இடத்தில் கணீரென்று.

"அண்ணே, இங்கிட்டு வாங்க."

போனேன். வெளிப் பக்கம் வெள்ளையடித்த சுவர். அவர் காட்டிய இடத்தில் சுண்ணாம்புக்கு அடியில் மயிர் போல ஒரு விரிசல். மேலே போய், திரும்பி, கீழே இறங்கி, ஒரு சதுரமாக முடிந்தது.

"இங்க ஒரு ஜன்னல் இருந்திருக்கு. யாரு அடச்சது?"

யார் அடைத்தது...

கல்யாணமாகி முதல் தை மாதம். களத்தில் நெல்லடிப்பு. மச்சான் முறைக்காரன் ஒருத்தன், "மாப்ள, களத்துல நின்னா ஒம் பொண்டாட்டி சோறாக்குறது தெரியுதுடா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே கொத்தனாரை வைத்து அரை நாளில் அடைத்தேன். மண் குழைத்துக் கொடுத்ததுகூட நான்தான். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கப்புறம் அப்படி ஒரு ஜன்னல் இருந்ததையே மறந்துபோனேன். 'ஜன்னல் சரிப்படாது' என்று சாயபுவிடம் சொன்னபோதும் நினைவு வரவில்லை. மேற்கு வாசலில் நுழைகிற காற்று புகையைத் தள்ளிக்கொண்டு வெளியேற, அந்தக் காலத்துக் கொத்தன் எவனோ யோசித்து வைத்த வழி அது. அதைத்தான் நான் அடைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கம் கெட்டவன் என்று நினைத்தாலும் சரி. இதே பத்தியில், இதே இடத்தில், காற்றோட்டத்தின் மகிமையைப் பற்றி ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். ஜன்னல் இல்லாத வீடு சிறைச்சாலை என்று! பாராட்டிக் கடிதம் போட்ட நேயர்கள் மன்னிக்க வேண்டும். அதை ராக்கம்மாளும் படித்தாள். அந்த வாரம் எந்த இடத்திலும் விரல் வைக்கவில்லை.

உள்ளே போய் அவளிடம் கேட்டேன்: "நீ ஏன் ஒரு நாளாவது சொல்லலை?"

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க அடச்ச அன்னிக்கு எனக்குச் சந்தோசமாத்தாங்க இருந்துச்சு. நம்மள ஒரு ஆளு இம்புட்டுப் பொத்திப் பாக்குறாருன்னு. பதினாறு வயசு... வேற என்ன தெரியும்? அப்பறம் களத்துக்கு வர்ற ஆளும் கொறஞ்சு போச்சு. தொறக்கலாம்னு உங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல. சொவருன்னா அது சொவருதானேன்னு இருந்துட்டேன்."

முன்கட்டுக்குத் திரும்பியிருந்த சாயபு கதவுக்கு வெளியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் தோளில் கை வைத்தார். அதுவரை அண்ணே, அண்ணே என்றவர், அவளைத் தங்கச்சி என்று ஆக்கிக்கொண்ட உரிமையில் என்னை வேறு முறை வைத்துக் கூப்பிட்டார்.

"விடுங்க மாப்ள. எங்க வீட்லயும் ஒரு சொவரு இருக்கு. எங்க அத்தா காலத்துல அடச்சது. இத்தன வருசமா ஊருக்கெல்லாம் பிளான் போடுறேன், இன்னிக்குத்தான் அது நெனப்பு வருது. போய் மொதல்ல அதத் தட்டிப் பாக்கணும்."

பிளான் மறுபடி போட்டார். இந்த முறை எல்லாம் கயிற்று முடிச்சுப்படி. அவள் கேட்டபடி உட்கார்ந்தே சமைக்கலாம், ஆனால் குனிந்து ஊத வேண்டாம். அடுப்பு ஒரு சாண் உயரத் திட்டில். அதற்கு மேலே புகையை இழுத்துக்கொண்டு போகக் கவிழ்த்த கூண்டு. கூண்டின் வாய் கண் முடிச்சுக்கு மேலே. கிழக்கே, பழைய இடத்திலேயே ஜன்னல்.

"களத்துப் பக்கமா இருக்குறதால சாய்ச்ச பலகை அடிச்சு மறைச்சுரலாமா? காத்து வரும், ஆள் தெரியாது. தங்கச்சியக் கேளுங்க" என்றார் சாயபு.

உள்ளிருந்து உடனே பதில் வந்தது: "மறைப்பு வேணாம்னு சொல்லுங்க. களத்துல இப்ப யாரு இருக்கா? ரெண்டு கோழிதான் மேயுது."

நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தவள் இதை மட்டும் என்னிடம் சொல்லச் சொன்னாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. சாயபுவுக்கும் காது இருக்கிறது, அவரும் கேட்டுவிட்டார். ஆனாலும் பென்சிலைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் அந்தப் பழைய ரோஷம் இன்னும் செத்துப்போகவில்லை. 'இருந்தாலும் ஊர் என்ன சொல்லும்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மறைப்பு வேணாமாம்" என்றேன்.

உப்புப் போடவில்லை.

"அந்தக் காப்பித் தொறப்பு?" என்று கேட்டார் சாயபு, எழுந்திருக்கிற நேரத்தில்.

"அது இருக்கட்டும்" என்றாள் ராக்கம்மாள். "குடிச்ச டம்ளர அவுக கழுவி அது வழியா இங்கிட்டு வைக்கட்டும்."

அதையும் எழுதிக்கொண்டார், பாவி மனுஷன்!

கருப்பன் கொத்தனார் பேப்பரைப் பார்த்துக் கட்ட மாட்டேன் என்று ஒரு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். "படத்தப் பாக்க வேணாம்ணே, இந்தக் கயிறு போதும்" என்று சாயபு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கையில் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டார். சுவரை முதல் கடப்பாரை போட்டு உடைத்தது நான். அடைத்தவன்தானே திறக்க வேண்டும்? செங்கல் சரிந்து, கையகலத்துக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. ராக்கம்மாள் அந்த வெளிச்சத்தில் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டைத் திருத்திக் கட்ட நினைக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். புதிதாக என்ன வைக்கலாம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், பழைய சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அப்படியே, வீட்டில் யாரைக் கேட்காமல் யாருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். நாம் எல்லோரும் நல்லவர்கள்தான். அன்பாகத்தான் அடைக்கிறோம்.

கார்த்திகை பிறந்து டாக்டரிடம் மறுபடி போனோம். "போன பார்வை போனதுதான். ஆனா இனிமே போகாது" என்றார். மூக்குக்கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைச் செய்து வாங்கிய அன்றைக்கு அவள் போட்டுக்கொண்டு ரயிலடி வரைக்கும் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள்.

இத்தனை நாளும் இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. நேற்றுக் காலை நடந்ததால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்துக்குப் போனவன், களத்து வழியாகத் திரும்பினேன். ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றேன். உள்ளே உலை கொதிக்கிறது. புகை கூண்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. ராக்கம்மாள் மூக்குக்கண்ணாடியோடு இந்த வாரத்துப் பத்திரிகையை மடியில் விரித்து வைத்திருக்கிறாள். விரல் ஓர் இடத்தில் நிற்கிறது. எந்த இடமோ! நான் சத்தம் போடாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு யார் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தேனோ அந்த ஆளைப் போலவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலையைத் தூக்கினாள். நாலு முழத் தூரம்தான்.

"சட்டையில மசி கொட்டியிருக்கு, பாக்கலையா? வெளிச்சத்த மறைக்காம அங்கிட்டுச் சுத்தி வாங்க."